கம்பக்காவின் சம்பளம்

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் வரைக்கும் தேடினாலும், கம்பக்கா அளவுக்குப் பொன்னாடை போர்த்தப்பட்ட ஆள் இன்னொருவர் கிடைக்கமாட்டார். தேர்தலில் ஜெயித்தவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கம்பக்கா சிலம்பம் சொல்லிக்கொடுப்பவர். வல்லக்கோட்டைப் பக்கம் ஊர். மொபெட்டின் பக்கவாட்டில் கம்புகளைக் கட்டிக்கொண்டு அவர் வந்தால், யாருக்கும் வழிவிடாத கண்டெய்னர் லாரியே ஒதுங்கி நிற்கும். உண்மைப் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் தைரியமும் இல்லை.

பள்ளிக்கூடம், தண்டலம் காலேஜ், கம்பெனி என்று எல்லா இடத்திலும் அவரைக் கூப்பிடுவார்கள். மாதக்கணக்கில் சொல்லிக்கொடுப்பார். சம்பளம் கேட்டால் "பாத்துப் பண்ணலாம்க்கா" என்பார்கள். கடைசியில் ஒரு பொன்னாடை, ஒரு கேடயம், ஒரு போட்டோ. அவர் வீட்டில் ஜன்னல் திரை, தலையணை உறை, மொபெட் சீட் எல்லாமே பொன்னாடைதான். மார்கழிக் குளிருக்கு ஆட்டுக்கும் ஒன்று போர்த்திவிடுவார். ஜரிகைக் கரையோடு அந்த ஆடு தெருவில் நடந்து வந்தால், ஏதோ விழாவுக்குத் தலைமை தாங்கப் புறப்பட்ட மாதிரி இருக்கும்.

ஒருநாள் ஒரகடம் கூட்டுரோட்டில் காய்கறிக்காரரின் தராசில் கேடயம் ஒன்றைத் தூக்கி வைத்ததை நானே பார்த்தேன்.

"இத்த வெச்சிக்கினு ஒரு கிலோ தக்காளி குடுப்பா."

"இன்னாக்கா இது?"

"கேடயம். எனுக்கு மேடையில குடுத்தாங்க."

"இத்த வெச்சி நான் இன்னாக்கா பண்றது?"

"அதாம்பா எனுக்கும் தெரியல."

அப்போது நான் செல்போன் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் லைன் வேலை பார்த்துக்கொண்டு, கம்பெனியின் பெண்கள் ஹாஸ்டலில் இருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி ஹாஸ்டலுக்கு நடக்கும் ரோட்டில் பைக்கில் வந்து உரசிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். புகார் கொடுத்தோம். அதற்குப் பரிகாரமாக எச்.ஆர். சார் ஏற்பாடு செய்தவர்தான் கம்பக்கா. ஞாயிற்றுக்கிழமை தோறும் வகுப்பு.

முதல் நாள் கம்பைக் கையில் கொடுக்கவே இல்லை. கத்தச் சொன்னார். சங்கரன்கோவிலிலிருந்து வந்த என் ரூம்மேட் செல்வி, கண்ணை மூடிக்கொண்டு முடிந்தவரை கத்தினாள்.

"இதுக்கு பேரு கத்தறதா? சூப்பர்வைசர்கிட்ட பாத்ரூம் போய்ட்டு வரட்டானு கேக்குற மாதிரி கீது."

"எக்கா, எனக்கு இம்புட்டுத்தான் சத்தம் வருது."

"சம்பளத்துல ஓ.டி. காசு புட்ச்சிட்டாங்கன்னு நெனச்சிக்கினு கத்து."

செல்வி கத்தினாள். செக்யூரிட்டி ஓடி வந்துவிட்டார். அன்றைக்கே அவள் வகுப்பின் முதல் மாணவி ஆகிவிட்டாள்.

மூன்று மாதம் போனது. கம்பு சுற்றவும், காலடி வைக்கவும், யார் கை நீட்டினாலும் தடுக்கவும் கற்றுக்கொண்டோம். ரோட்டில் தலை நிமிர்ந்து நடந்தோம். இடையில் ஒருநாள் ஜும்பா டான்ஸ் சொல்லித்தர சென்னையிலிருந்து ஒரு மேடம் காரில் வந்தார். பாட்டுப் போடுவதற்கு முன்பே அவர் கைக்குக் கவர் வந்துவிட்டது. அதைப் பார்த்த கம்பக்கா, துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு எச்.ஆர். சார் ரூமுக்குப் போனார்.

"சார், மூணு மாசம் ஆச்சு. என் பணம் இன்னா ஆச்சு?"

"அக்கா, சிலம்பம் நம்ம பாரம்பரியக் கலை. அதுக்குப் போய் விலை பேசலாமா?"

"ஏரித் தண்ணி கூடத்தான் சார் பாரம்பரியமா கீது. கேன்ல வந்தா காசு குடுக்கறீங்களே."

சார் கையிலிருந்த தண்ணீர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். "மகளிர் தின விழாவுல உங்களுக்குப் பெரிய கவுரவம் காத்திருக்குக்கா" என்றார்.

வெளியே வந்ததும் கம்பக்கா என்னிடம் கேட்டார்: "கவுரவம் இன்னா கலர்னு கேட்டியா?"

விழா வந்தது. மேடையில் பெரிய அதிகாரிகள், கீழே நாங்கள். எச்.ஆர். சார் அரக்கு நிறப் பொன்னாடையை விரித்துக்கொண்டு கம்பக்காவை நெருங்கினார். கம்பக்கா சிரித்த முகத்தோடு இடது கையை லேசாகத் தூக்கினார். பொன்னாடை நழுவியது. சார் வலப்பக்கமாக வந்தார். கம்பக்கா ஒரு காலடி பின்னால் வைத்தார். பொன்னாடை காற்றைப் போர்த்தியது. "தடுப்பு ஒண்ணு, தடுப்பு ரெண்டு" என்று செல்வி என் காதில் பாடம் சொல்ல ஆரம்பித்தாள். மூன்றாவது முறை சார் கொஞ்சம் வேகமாகவே பாய்ந்தார். கம்பக்கா விலகினார். பொன்னாடை, பின்னால் நின்ற சிறப்பு விருந்தினரின் தலையில் விழுந்து முகத்தை மூடியது. போட்டோக்காரர் கடமை தவறாமல் அதையும் எடுத்தார்.

கம்பக்கா மைக்கை வாங்கினார்.

"எல்லாரும் பாத்துக்கினீங்களா? நமக்கு இஷ்டமில்லாத ஒண்ண யாராச்சும் மேல போட வந்தா இப்டித்தான் தடுக்கணும். இதான் கடைசிப் பாடம். சார், நீங்க இப்ப சம்பளத்தப் பத்திப் பேசலாம்."

சார் மறுநாளே வகுப்பை நிறுத்திவிட்டார். அடுத்த ஞாயிறு முதல் ஜும்பா என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அந்த ஞாயிறு ஜும்பா மேடம் பாட்டைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். ஹாலில் ஒரு ஈ காக்கா இல்லை. நாங்கள் எல்லோரும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். சார் வந்து காரணம் கேட்டார். செல்விதான் எழுந்தாள்.

"சார், பஸ்ஸ விட்டு இறங்கி அந்த ரோட்டுல நடந்து வாரது நாங்க. ஆடிக்கிட்டேவா வர முடியும்?"

இரண்டு ஞாயிறு படியிலேயே கழிந்தது. மூன்றாவது வாரம் கம்பக்காவுக்கு போன் போனது. வந்து சார் எதிரில் உட்கார்ந்தார். முதலில் பழைய மூன்று மாதப் பணத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகுதான் பேச்சு.

"ஜும்பா மேடத்துக்கு இன்னா குடுக்கறீங்களோ, அத்தயே எனுக்கும் குடுங்க. அவங்க ஆட வெக்கிறாங்க, நான் அடிக்க வெக்கிறேன். வேர்வை ஒண்ணுதான். அப்றம் மாசத்துல ஒரு ஞாயிறு சம்பளத்தோட லீவு வோணும்."

"லீவு எதுக்குக்கா?"

"உங்களுக்கு எதுக்கு சார்?"

சார் கையெழுத்துப் போட்டார்.

முதல் லீவு ஞாயிறு. பத்து மணிக்கு வாசலில் மொபெட் சத்தம். கம்பக்கா, தூக்கு வாளி நிறையக் கோழிக்குழம்போடு நிற்கிறார். செல்வி ஆசையாகக் கம்பை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"அத்த வெய்யி. நான் லீவுல கீறேன்."

"லீவுக்கு வீட்டுல இருக்காம இங்க ஏன்க்கா வந்தீக?"

"வூட்ல ஒக்காந்தா வேலதான் கண்ல படும். லீவுன்னா புட்ச்ச எடத்துக்குப் போவணும்னு சொல்றாங்களே."

எல்லோருக்கும் அவரே பரிமாறினார். சாப்பிட்டு முடித்ததும் என் கட்டிலில் ஏறிப் படுத்தார். படுத்த வேகத்தில் குறட்டை. சாயங்காலம் வரை நான் கீழே பாயில் உட்கார்ந்திருந்தேன். யாரோ வந்து கதவைத் தட்டினார்கள். திறந்து, "சத்தம் போடாதீங்க, அக்கா தூங்குது" என்று சொல்லி அனுப்பிவிட்டு, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.