வளைவில் நின்ற போலீஸ்காரர்

உடுப்பு இருந்தது, பொம்மையைக் காணோம்.

தையல்காரர் காலைப் பனியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். பள்ளிக்கூட வளைவில் வண்டிகள் வேகம் குறைக்கட்டும் என்று காவல் நிலையம், பள்ளிக்கூடம், கடைக்காரர்கள் எல்லோரும் கூடி நிறுத்திய காகிதக்கூழ் போலீஸ் பொம்மை அது. உடுப்பு தைத்ததும், வாரம் ஒருமுறை வந்து மாற்றுவதும் அவர் பொறுப்பு. இப்போது சட்டை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி, தூசுக்கு மூக்கை மூடும் துணி எல்லாம் கம்பத்துக்குப் பின்னால் மடித்துக் கிடந்தன.

பள்ளிக்கூட மணி அடித்தது. எங்கோ ஒரு லாரி உறுமியது.

அவர் யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வளைவில் நின்றுவிட்டார்.

லாரி தயங்கி, பூனைபோல் ஊர்ந்து போனது. பிள்ளைகள் கடந்தார்கள். கறுப்புக் கண்ணாடிக்குள் தெரு குளத்தின் அடிபோலத் தெரிந்தது. சைக்கிள்கள் மீன்களாக நழுவின. யாருக்கும் பதில் சொல்லாமல் நிற்பது இவ்வளவு சுகமா என்று அவருக்குக் கண் சொக்கியது.

அந்தச் சுகத்துக்குள் அவர் மனைவி கூடையோடு வந்து நின்றாள்.

"இன்னிக்கும் சொல்லிட்டே போறேன்," என்றாள் பொம்மையிடம். "எங்க வீட்டுக்காரரு ஊருக்கெல்லாம் அளவெடுப்பாரு. என் ரவிக்கை மட்டும் வெட்டின துணியாவே கெடக்கு. அதுகூடப் போகட்டும். சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேட்டா என்ன, வாய் தேஞ்சா போயிடும்? நீங்கதான் குறுக்கே பேசாம கேக்கறீங்க."

அவள் சட்டைப் பையை நீவிவிட்டாள்.

"தையல் மட்டும் நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நழுவிவிடலாம் என்று அவர் காலெடுக்கும்போது, இன்ஸ்பெக்டரும் தலைமையாசிரியையும் மருந்துக்கடைக்காரரும் வந்தார்கள்.

"கை தொங்குதே. நிறுத்தற மாதிரி இருக்க வேணாமா?" இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கிவிட்டார். கை அப்படியே நின்றது. "வெதுவெதுன்னு இருக்கு."

"வெயில் சார்," என்றார் மருந்துக்கடைக்காரர் அவசரமாக.

சற்று நேரத்தில் தூக்கிய கை நடுங்கத் தொடங்கியது.

"காத்துக்கே ஆடுதே," என்று கவலைப்பட்டார் தலைமையாசிரியை. "பிள்ளைங்க மேல விழுந்துடப் போகுது."

"காலைத் தரையோட முடுக்கிடலாம்." இன்ஸ்பெக்டர் எதிர்க்கடை எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். அவர் துளை போடும் மிஷினோடு குனிந்தார். மிஷின் செருப்பை நோக்கி ரீங்காரமிட்டு வந்தது.

"அண்ணே, கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா?" என்றது பொம்மை.

மிஷின் நின்றது. தையல்காரர் மூக்குத் துணியை அவிழ்த்து, தலை குனிந்துகொண்டார். மருந்துக்கடைக்காரர் வானத்தைப் பார்த்தார்.

தெருப் பெருக்கும் அம்மாள்தான் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு சொன்னாள்:

"பொம்மை நாலு நாள் முந்தி பேஞ்ச மழையிலேயே கரைஞ்சுபோச்சு சார், ஆளாளுக்கு வந்து நிக்கறாங்க, நேத்து நின்ன மருந்துக்கடைக்காரரு இவரு சம்சாரம் பேசினதுக்கே கண்ணைத் தொடச்சுக்கிட்டாரு, கட்டின புருஷன் இவரு, காலுல துளை போட வந்தாத்தான் வாயைத் தொறக்கறாரு."