ஒன்றே முக்கால் ஸ்டார்

“வாயில் வைத்ததும் சாக்கடை நுரைக்கும் பெல்லந்தூர் ஏரி ஞாபகம் வந்தது. இரண்டு ஸ்டார்.”

ஆம்ப்ரோஸ் அதை மூன்றாம் முறையாகப் படித்தார். படித்துவிட்டு, முதலாளி உத்தமன் நீட்டியிருந்த போனை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

“ஏரித் தண்ணியை இவன் எப்ப சார் குடிச்சுப் பார்த்தான்?”

“அது நமக்குத் தெரியாதுங்க ஆம்ப்ரோஸ். அடுத்ததையும் படிச்சிருங்க.”

அடுத்தது, அதே ஆள், அதே மாலையில், பக்கத்துக் குழாயில் வந்த பெல்ஜியம் பீரைப் பற்றி எழுதியது. “வாயில் வைத்ததும் மழையில் நனைந்த பழைய மடாலயத்துச் சுவர் ஞாபகம் வந்தது. ஐந்து ஸ்டார்.”

“செவுத்தை நக்கியிருக்கான்,” என்றார் ஆம்ப்ரோஸ்.

வைட்ஃபீல்டில் ஒரு டெக் பார்க்குக்கு எதிரே இருக்கிறது அந்த பப். உள்ளே நுழைந்ததும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பளபளவென்று ஒரு பெரிய ஸ்டீல் டேங்க். அதில் பீர் காய்ச்சுவதுதான் ஆம்ப்ரோஸின் வேலை, பதினோரு வருடமாக. அவருடைய பீருக்குத் தான் பிறந்து வளர்ந்த பேட்டையின் பெயரையே வைத்திருந்தார்: ஜீவனஹள்ளி ஒயிட். மூன்றாம் குழாயில் வரும். நான்காம் குழாயில், பெல்ஜியத்திலிருந்து பீப்பாயில் வந்து இறங்கும் ‘வான் ட்ரூகன்’. இரண்டிலும் கோதுமை, ஆரஞ்சுத் தோல், தனியா. இரண்டுமே லேசாகக் கலங்கிய வெளிர் மஞ்சள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது.

ஆனால் பீர் ரசிகர்கள் ஸ்டார் போடும் செயலியில் வான் ட்ரூகனுக்கு நாலரை. ஜீவனஹள்ளி ஒயிட்டுக்கு இரண்டே முக்கால்.

உத்தமன் ஈரோட்டுக்காரர். வேலையை விட்டுத் தூக்குவதாக இருந்தாலும் மரியாதையாகத்தான் தூக்குவார்.

“கோச்சுக்காதீங்க ஆம்ப்ரோஸ். மூணு மாசம் பார்ப்போமுங்க. மூணரை ஸ்டார் வந்துருச்சுன்னா நீங்க ராஜாங்க. வரலீன்னா டேங்க்கைக் கழட்டிட்டு அந்த எடத்துல கரோக்கே மேடை போட்டரலாமுன்னு இருக்கறனுங்க. மைக்கு வாங்கியாச்சு.”

“அப்ப நான் சார்?”

“பாடுவீங்களா?”

அன்று வீட்டுக்கு வந்ததும் ஆம்ப்ரோஸ் சட்டையைக்கூட மாற்றவில்லை. மனைவி ஜூலியா பள்ளிக்கூட விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

“உள்ளூர் மாடு விலை போகாதுன்னு சும்மாவா சொன்னாங்க?” என்று ஆரம்பித்தார். “புனே பீர்னா அரை ஸ்டார் கூட போடுவானுங்க. கோவான்னா முக்கால். கடல் தாண்டி வந்துச்சுன்னா கண்ணை மூடிக்கிட்டு அஞ்சு. ஜீவனஹள்ளின்னு பேரைப் பார்த்த உடனே நாக்கு செத்துப்போகுது!”

“அந்த பெல்ஜியம் பீரை நீங்க குடிச்சுப் பார்த்தீங்களா?”

“அந்தக் கருமத்தை நான் எதுக்குக் குடிக்கணும்?”

ஜூலியா சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தாள். “காக்காய்க்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. எதுக்கும் ஒரு வாய் குடிச்சுப் பாருங்க.”

“நீயுமா?” என்றார் ஆம்ப்ரோஸ். அன்று இரவு சாப்பிடவில்லை. நியாயமாகப் பார்த்தால் ஜூலியா சொன்னதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் பதினோரு வருடம் ஒரே பண்டத்தைக் காய்ச்சியவனிடம் போய் நியாயம் பேச முடியுமா?

படுத்தபடியே யோசித்ததில்தான் அந்த யோசனை வந்தது. சின்ன யோசனை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே பப்புக்குப் போனார். யாரும் இல்லை. குளிர் அறைக்குள் ஏணி போட்டு ஏறினார். பீப்பாய்களிலிருந்து கிளம்பும் பைப்புகள் சுவரைத் துளைத்துக்கொண்டு குழாய்களுக்குப் போகும் இடம் அங்கே கூரையை ஒட்டி இருந்தது. மூன்றாம் பைப்பைக் கழற்றி நான்கில் மாட்டினார். நான்கைக் கழற்றி மூன்றில் மாட்டினார். இனி எத்தனை பீப்பாய் மாற்றினாலும் அவருடைய பீர் பெல்ஜியம் குழாயில் வரும். பெல்ஜியம் அவருடைய குழாயில் வரும். ஸ்டார் எங்கே விழுகிறது என்று பார்ப்போம். திரவத்துக்கா, பெயர்ப் பலகைக்கா?

இறங்கும்போது எட்டரை மணி. பைப் கழுவுகிற ஐரின் அப்போதுதான் ஒக்கலிபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, வாளியோடு உள்ளே வந்தாள். திங்கள்தோறும் எல்லா பைப்பிலும் மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவுவது அவள் வேலை. ஐம்பத்தைந்து வயது. ஆம்ப்ரோஸுக்கு ஒரு கணம் திக்கென்றது. அடுத்த கணமே சமாதானமாகிவிட்டார். கழுவுகிறவளுக்கு பைப் எங்கே போனால் என்ன, தண்ணீர் போனால் சரி.

“என்ன சார், இவ்ளோ பேகா வந்துட்டீங்க? மணி எட்டரைதானே ஆகுது?”

“சும்னே வந்தேன் ஐரினம்மா. நீங்க வேலையைப் பாருங்க.”

அன்று மாலை ஆம்ப்ரோஸ் நான்காம் குழாயில் ஒரு கிளாஸ் பிடித்தார். முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். கண் கலங்கிவிட்டது.

“என் செல்லமே,” என்றார், பீரைப் பார்த்து. ஆரஞ்சு மெல்ல வந்து, பின்னாலேயே தனியா வந்து, தொண்டையில் போய் உட்கார்ந்தது. இதையா இரண்டே முக்கால் என்றான்கள், பாவிகள்! பிறகு, தன் பேட்டையின் பெயர் எழுதிய மூன்றாம் குழாயில் கொஞ்சம் பிடித்துக் குடித்து, சிங்க்கில் துப்பினார். பெல்ஜியமாம், பெல்ஜியம். பாத்திரம் கழுவின தண்ணி.

வார முடிவில் செயலியைத் திறந்தார். நான்காம் குழாய்க்கு அதே நாலரை. மூன்றாம் குழாய்க்கு அதே இரண்டே முக்கால்.

ஆம்ப்ரோஸ் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, கொஞ்சம் அழுதார். பெல்ஜியம் என்று எழுதிக் கொடுத்தால் ஜீவனஹள்ளியும் இனிக்கிறது. ஜீவனஹள்ளி என்று எழுதிக் கொடுத்தால் பெல்ஜியமும் கசக்கிறது. உடனே போய் முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் நாலரை அவருக்குப் போதவில்லை. மூன்று மாதம் முழுசாக இருக்கிறதே. ஐந்து ஸ்டார் வாங்கிவிட்டுச் சொன்னால்?

அப்போதுதான் சஞ்சய் ஒரு நல்ல வார்த்தை எழுதினான். ஏரியையும் மடாலயச் சுவரையும் எழுதியவன் அவன்தான். எதிர் டெக் பார்க்கில் வேலை. ஆபீஸ் செலவில் ஆறு மாதம் பிரஸ்ஸல்ஸில் இருந்துவிட்டு வந்தவன். பன்னிரண்டு பேர் கொண்ட பீர் ரசிகர் குழுவுக்குத் தலைவன். நான்காம் குழாய் பற்றி அவன் எழுதியது: “தெய்வீகம். தனியா மட்டும் ஒரு துளி தூக்கலாக இருந்தால் சொர்க்கம்.”

“பய விஷயம் தெரிஞ்சவன்தான்,” என்று ஆம்ப்ரோஸ் முதல் தடவையாக அவனை மெச்சினார். அடுத்த முறை காய்ச்சும்போது தனியாவை இரட்டிப்பாக்கினார்.

அந்த பீர் டேங்கிலிருந்து பீப்பாய்க்குப் போய் ஒரு வாரம் ஆகியிருக்கும். மூன்றாம் குழாய் இரண்டேகாலுக்கு இறங்கியது. “ஜீவனஹள்ளி ஒயிட்: ரசத்தில் ஐஸ் போட்டதுபோல் இருக்கிறது” என்று ஒருவர் எழுதியிருந்தார்.

ஆம்ப்ரோஸ் விழுந்து விழுந்து சிரித்தார். ஐரோப்பாவின் ராஜ பானம், ரசமாம்! நான்காம் குழாயில் ஒரு கிளாஸ் பிடித்துக் குடித்துப் பார்த்தார். ஆகா, தனியா எப்படித் தூக்கிக் கொடுக்கிறது!

பிறகு சஞ்சய் எழுதினான்: “இன்னும் லேசான புளிப்பு இருந்தால் ஐந்துக்கு ஆறு ஸ்டார் போடுவேன்.”

கேட்டதைக் கொடுக்காமல் இருக்க ஆம்ப்ரோஸ் என்ன கல்நெஞ்சரா? டேங்கை நான்கு நாள் கூடுதலாகப் புளிக்கவிட்டார்.

டேங்கைக் கழுவ வந்த ஐரின் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“சார், வாசனை சரியில்ல சார். எங்க வீட்ல மாவு பொங்கி வழிஞ்சா இப்படித்தான் அடிக்கும்.”

“ஐரினம்மா, நீங்க கழுவுங்க. மோந்து பார்க்க நான் இருக்கேன்.”

“ஜனங்க போன்ல திட்டுறாங்களாமே? பார்ல பசங்க சொன்னாங்க. நீங்க என்னடான்னா சிரிச்சுக்கினே இருக்கீங்க. எனக்குப் பயமா இருக்கு சார்.”

“திட்டட்டும். நல்லா திட்டட்டும். எவ்ளோ திட்டுறாங்களோ அவ்ளோ நல்லது. இதெல்லாம் உங்களுக்கு அர்த்தமாகாது.”

ஐரின் கழுத்திலிருந்த ஜெபமாலையைத் தொட்டுக்கொண்டு வாளியை எடுத்துப் போனாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்காகக் கோயிலில் ஒரு மெழுகுவத்தியும் ஏற்றினாள்.

மூன்றாவது மாதக் கடைசியில் ஜீவனஹள்ளி ஒயிட் ஒன்றே முக்கால் ஸ்டாரில் வந்து நின்றது. கடைசி விமர்சனம் ஒரே வார்த்தை: “ஏன்?”

உத்தமன் டேங்க்கை அளக்க இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தார்.

“மனசு கேக்கலீங்க ஆம்ப்ரோஸ். ஆனா ஒண்ணே முக்காலுக்கு நான் என்னங்க பண்றது?”

“சார், ஒரே ஒரு சனிக்கிழமை கொடுங்க. சஞ்சயையும் அவன் கூட்டத்தையும் கூப்பிடுங்க. அவங்க முன்னாடி ஒரு விஷயம் சொல்லணும். கேட்டுட்டு அப்புறம் கழட்டுறதுன்னா கழட்டுங்க.”

ஆம்ப்ரோஸின் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்து உத்தமனுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. சரியென்றார்.

சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு பேரும் வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் இரண்டிரண்டு கிளாஸ். நான்காம் குழாயைக் குடித்துவிட்டு சஞ்சய் கண்ணை மூடினான்.

“பிரஸ்ஸல்ஸ்ல ஒரு சந்து இருக்கு ப்ரோ. அந்தச் சந்துக்கே போயிட்டேன்.”

மூன்றாம் குழாயைக் குடித்துவிட்டு அவன் கண்ணைத் திறந்தான். பக்கத்திலிருந்த பெண் டிஷ்யூவில் துப்பினாள். இன்னொருவன் தண்ணீர் கேட்டான்.

ஆம்ப்ரோஸ் கரோக்கே மைக்கைக் கையில் எடுத்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி வந்திருந்தார். ஜூலியாவைக்கூட அழைத்து வந்து முதல் மேசையில் உட்கார வைத்திருந்தார்.

“எல்லாருக்கும் வணக்கம். நான்தான் ஜீவனஹள்ளி ஆம்ப்ரோஸ். மூணு மாசத்துக்கு முன்னாடி ஒரு திங்கட்கிழமை, பைப் ரெண்டையும் மாத்தி மாட்டினேன். மூணு மாசமா நீங்க தெய்வீகம், சொர்க்கம்னு குடிச்சது என் பீர். ரசம்னு எழுதித் துப்புனது, உங்க பெல்ஜியம்!”

சஞ்சயின் முகம் வெளுத்தது. டிஷ்யூவில் துப்பிய பெண் அந்த டிஷ்யூவையே விரித்துப் பார்த்தாள்.

“நாக்குக்குப் பாஸ்போர்ட் கேக்குறீங்களேடா!” ஆம்ப்ரோஸால் நிறுத்த முடியவில்லை. பதினோரு வருடம் உள்ளே கிடந்தது எல்லாம் வெளியே வந்தது. “உங்க ஆபீஸ் ஜன்னல்ல இருந்து பார்த்தா என் டேங்க் தெரியும். அதுதானே நான் செஞ்ச தப்பு? தூரத்துல இருந்து வந்திருந்தா கும்பிட்டிருப்பீங்க. நல்லா குடிச்சுப் பாருங்க இந்தக் கழுநீரை!” மூன்றாம் குழாயின் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்து, எல்லோரும் பார்க்கத் தரையில் துப்பினார். “நான் இதைக் காய்ச்சியிருந்தேன்னா, அன்னைக்கே வேலையை விட்டுட்டுப் போயிருப்பேன்!”

சஞ்சய் எழுந்து நின்றான். “சாரி அங்கிள். ரொம்ப சாரி. இவ்ளோ பயாஸ் எனக்குள்ள இருக்கும்னு நான் நெனைக்கவே இல்ல.” யாரோ கை தட்டினார்கள். ஒவ்வொருவராகச் சேர்ந்து எல்லோரும் தட்டினார்கள். ஜூலியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உத்தமன் ஓடிவந்து ஆம்ப்ரோஸைக் கட்டிக்கொண்டார்.

“டேங்க்கைத் தொட விடமாட்டனுங்க! இன்னொரு டேங்க்கே வாங்கிப் போடறனுங்க!”

“எல்லாரும் குளிர் அறைக்கு வாங்க,” என்றார் ஆம்ப்ரோஸ், மைக்கைப் பிடித்தபடியே. “பைப் எது எங்க போகுதுன்னு கண்ணாலயே பாருங்க. போன்ல படம் புடிச்சு அதையும் போடுங்க, அஞ்சு ஸ்டாரோட.”

பன்னிரண்டு பேரும் போனைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள். குளிர் அறை வாசலில், அவர் துப்பியதைத் துடைப்பதற்குத் துணியோடு கிளம்பிய ஐரின் எதிரே நின்றாள். முகம் பேயறைந்தது போலிருந்தது. அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்து, யாருக்கும் கேட்கக்கூடாது என்று, மைக் இருந்த பக்கமாகவே குனிந்து ரகசியமாகச் சொன்னாள்:

“ஐயோ சார், பைப்பு ரெண்டும் மாறிக் கிடந்துச்சே, முதலாளி பார்த்தா உங்களைத் திட்டுவாரேன்னு அன்னைக்குக் காலையிலயே நான் ஏணி போட்டு ஏறி சரியா மாட்டிட்டேனே!”