எதிர்வீட்டு இலங்கை

பயணம் போய்வந்து கதை அளப்பவர்கள் ஒரு ரகம். போவதற்கு முன்பே அளப்பவர்கள் இன்னொரு ரகம். இரண்டாவது ரகத்துக்குத் தலைவன் யார் என்று செஞ்சியில் கேட்டால், பழைய ஆள்கள் என் பெயரைத்தான் சொல்வார்கள்.

அறுபதுகளின் தொடக்கம். கடைவீதியில் எங்களுக்கு மளிகைக்கடை. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய சிநேகிதர் ஒருவர் கண்டியில் துணிக்கடை வைத்திருந்தார். "பையனை ரெண்டு மாசம் அனுப்பி வை" என்று அவர் சொன்னதுதான் தாமதம், எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அதுவரை நான் பார்த்த பெரிய தண்ணீர், கோட்டைக்குள் இருக்கும் குளம். (அதிலும் பாதி பாசி.)

சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வருகிற ஆளா நான்? அந்த ஊர்க்காரனாகவே வாழ்ந்துவிட்டு வருவதாகத் திட்டம். ஒத்திகையை வீட்டிலேயே தொடங்கினேன். வேட்டியை விட்டுச் சாரத்துக்கு மாறினேன். (நம் கைலிதான். ஆனால் கைலி என்று யாராவது சொன்னால் கோபம் வரும்.) எல்லாக் குழம்பிலும் தேங்காய்ப்பால் ஊற்றச் சொல்லி அம்மாவின் உயிரை வாங்கினேன். "நீ கப்பல் ஏர்றதுக்குள்ள என் கை ஒடிஞ்சிடும்டா" என்பாள், துருவிக்கொண்டே.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தோம். அது வருவதற்குள் ஜோசியர் குண்டைத் தூக்கிப் போட்டார். வருகிற புதன்கிழமையை விட்டால், கடல் தாண்ட இந்த வருஷம் நல்ல நேரமே இல்லையாம். அதற்கு எங்கள் பக்கம் வழி உண்டு. பரஸ்தானம் வைப்பார்கள். நல்ல நேரத்தில் பெட்டியைக் கொண்டுபோய் வேறொரு வீட்டில் வைத்துவிட்டால், பயணம் புறப்பட்டதாகக் கணக்கு. பிறகு என்றைக்கு வேண்டுமானாலும் அங்கிருந்தே வண்டி ஏறலாம். புறப்பட்டது மட்டும் வீடு திரும்பக் கூடாது.

பெட்டி போனால் போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் கேட்டேனா?

"பெட்டியா சிலோன் போகுது? நான்தானே போறேன்!"

பெட்டியோடு நானும் போய் எதிர்வீட்டு அத்தையிடம் இறங்கினேன். அம்மா வாசலில் நின்று அழுதாள். ஒரு மாட்டுவண்டி வந்தாலே அடைத்துக்கொள்ளும் தெரு அது. மறுநாளிலிருந்து அவள் இந்தப் பக்கம் பார்த்து, "சாப்டியாடா? ஒடம்பு நல்லா இருக்குதா?" என்று கத்துவாள். நைனா கடைக்குக் கிளம்பும்போது, "இன்னாடா, சிலோன்ல மழையா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார்.

ஒருநாள் பாஸ்போர்ட் விசாரணைக்கு ஏட்டு ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அத்தை வீட்டு வாசலில் தேங்காய்ச் சில்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"பையன் இருக்கானாம்மா?"

புறப்பட்டவனை வீட்டில் இருக்கிறான் என்று சொன்னால் பயணம் கெட்டுவிடும். அது அம்மாவின் நம்பிக்கை.

"அவன் சிலோன் போய்ட்டான் சார்" என்றாள் வாய் நிறைய.

"போய்ட்டானா? எப்போ?"

"போன பொதங்கிழமை. நல்ல நேரத்துலதான் போனான்."

"பாஸ்போர்ட்டே வர்ல, எப்படிம்மா போனான்? கள்ளத்தோணியா?"

"எப்படிப் போனா இன்னா சார், நல்லபடியா போய்ச் சேந்துட்டான்."

சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சார், நான் இங்கதான் இருக்கேன்!" என்று அலறியபடி தெருவைத் தாண்டி ஓடினேன். வாசற்படியில் கால் வைக்கப் போனவனை அம்மா இரண்டு கையாலும் மறித்தாள்.

"உள்ள வராதடா! அப்பால போ!"

ஏட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ யாருப்பா?"

"இவங்க புள்ள சார்."

"ஏம்மா, இது உன் புள்ளயா?"

அம்மா என்னைப் பார்த்தாள். பெற்ற பிள்ளையா, பிள்ளையின் பயணமா என்று அவள் மனசு அடித்துக்கொண்டது எனக்கே தெரிந்தது. கடைசியில் பயணம்தான் ஜெயித்தது.

"எம்புள்ள சிலோன்ல இருக்கறான் சார்."

ஆள்மாறாட்டம் என்று முடிவுகட்டி, கடைவீதி வழியாகவே என்னை ஸ்டேஷனுக்கு நடத்திக்கொண்டு போனார் ஏட்டு. எங்கள் கடை வாசலைத் தாண்டும்போது நைனா தராசைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். ஸ்டேஷனில் அவர் எல்லாவற்றையும் விளக்கியபோது இன்ஸ்பெக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "மொதல்ல ஆள் எங்க இருக்கான்னு உங்க வீட்ல முடிவு பண்ணுங்க. அப்புறம் பாஸ்போர்ட்டப் பாக்கலாம்." பாஸ்போர்ட் வரவே இல்லை. கண்டியும் அத்தோடு சரி.

அன்று மாலை பெட்டியோடு வீடு திரும்பினேன். அவமானத்தில் எனக்கு முகம் எரிந்தது. அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தாள். "நீ நல்லபடியா போய்ச் சேரணும்னுதாண்டா அப்படிச் சொன்னேன்" என்று தேம்பினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனேன். எத்தனை பெரிய முட்டாள் நான்! எனக்காகப் போலீஸிடமே பொய் சொன்ன ஒரே ஜீவன் அவள்தான்.

அந்தப் பொய் மட்டும் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. நன்கொடை கேட்பவர், ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வருபவர், யார் வந்தாலும் வீட்டார் வாயில் ஒரே பதில்தான். போன வாரம்கூட ஒருவர் வந்தார். நான் கூடத்திலேயே, அவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்திருக்கிறேன். என் பேத்தி கொஞ்சமும் கூசாமல், "தாத்தா சிலோன் போயிருக்காரு" என்றாள்.

நான் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிலோன் போய்விட்டேன்.