லயமெல்லாம் முனியாண்டி

மலாயாவின் ஜொகூர்க் காட்டுப் புலிகளைப் பெயர் வைத்தே விரட்டியவர் உலகத்தில் ஒருவர்தான். லாயாங் லாயாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக இருந்தபோது அங்கே இருந்த சுருட்டுப் பூசாரி. காலையில் பால்மரம் சீவுவார். மாலையில் முனியாண்டிக்குப் பூசை வைத்துவிட்டு, சாமிக்குப் படைத்த சுருட்டைத் தாமே பற்றவைப்பார். காட்டோரத்து மரநிரையை மட்டும் வேறு யாருக்கும் விடமாட்டார். கங்காணி கண்ணில் படாமல் புகைக்கத்தான் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம்.

தோட்டத்தில் எந்த ஆண் குழந்தை பிறந்தாலும் அவர் வைக்கும் பெயர் முனியாண்டி. பெரியவர்களையும் விடவில்லை. கப்பலில் வந்திறங்கிய சுப்பனும் பச்சையப்பனும் விபூதி வாங்கப் போய் முனியாண்டிகளாகத் திரும்பினார்கள்.

"முனின்னா காவக்காரரு. ஆண்டின்னா எதுவும் வேணாம்னு நிக்கிறவரு" என்று அர்த்தம் சொல்வார்.

"அப்ப சுருட்டு?"

"அது வேணும்."

சாமி வந்த கதையும் உண்டு. "என் வேட்டி முடிச்சுல பிடிமண்ணா கப்பலேறி வந்தாரு. ஊர்ல அவருக்குக் குதிரை. இங்க குதிரைக்கு எங்க போறது? புலியப் பழக்கிட்டாரு. எசமான் பேரு வச்சவனப் புலி தொடாது, கிராணியையா."

அவஸ்தை எனக்குத்தான். ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் ஒரு முனியாண்டியைக் கூப்பிட்டால் பாதிக் களம் "ஐயா" என்னும். ஒருமுறை வயிற்றுவலிக்கார முனியாண்டியை அனுப்பச் சொன்னார் ஆஸ்பத்திரிக்காரர். போன முனியாண்டிகள் அத்தனை பேருக்கும் விளக்கெண்ணெய் புகட்டி அனுப்பினார். வலிக்காரன் லயத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான்.

பிறகு எனக்கே மகன் பிறந்தான். இன்னொரு முனியாண்டிக்கு இடமில்லை என்றேன். அந்த வாரம் பார்த்து லயத்துக்குப் பின்னால் புலி ஓர் ஆட்டை அடித்துவிட்டது.

"முனியாண்டின்னு வைங்க. இல்லன்னா புள்ளயத் தூக்கிட்டு ஊருக்குக் கப்பலேறிடுவேன்" என்றாள் மனைவி. சொன்னால் செய்கிறவள்.

நேராகப் பூசாரியிடம் சண்டைக்குப் போனேன். "பேர்லதான் காவல்னா, உங்க பேரு என்ன பூசாரி?"

சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "கோவிந்தன்."

வசமாக மாட்டிக்கொண்டார் என்று எனக்கு ஏகக் குஷி. "தோட்டத்துக்கே முனியாண்டி, உங்களுக்கு மட்டும் கோவிந்தனா?"

"புலிக்கும் பசிக்கும்ல ஐயா. எல்லாரும் முனியாண்டியாயிட்டா அது என்ன பண்ணும்? ஒருத்தனாவது வேற பேர்ல இருக்கணும். அதான் காட்டோரமா நான் நிக்கிறேன்."

சண்டையை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அப்ப எம்புள்ளைக்கு உங்க பேரையே வைக்கட்டுமா?" என்றேன்.

"வேணாம் ஐயா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "அதுக்கு நான் ஒருத்தன் போதும்."

என் மகனும் முனியாண்டிதான். ஆனால் வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, புலிக்குக் கேட்காத குரலில் நான் அவனைக் கோவிந்தா என்றுதான் கூப்பிடுகிறேன்.