பின்கேட்டில் பக்ஷே சார்

உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் 'குட் மார்னிங்' சொல்லிவிட்டு நம் பாட்டுக்கு நடையைக் கட்டலாம். பக்ஷே சாரிடம் மட்டும் முடியாது. திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி, தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள ஃபிளாட்டில் நாங்கள் குடியேறிய மறுநாள், விவரம் தெரியாமல் சொல்லித் தொலைத்தேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"பக்ஷே, யாருக்கு குட்?" என்றார். "நமக்குப் புழுக்கம் இல்லை, சுகம். கொத்தனாருக்கு இன்னிக்கு வேலை போச்சே. யாரோட காலையை வச்சு இதை நல்ல காலைன்னு முடிவு பண்ணினேள்?"

அன்று நான் ஆபீசுக்கு லேட்.

மலையாளத்தில் 'பக்ஷே' என்றால் 'ஆனால்'. அந்த வார்த்தை இல்லாமல் அவருக்கு வாய் திறக்காது. சொந்தப் பெயர் கீழே தபால் பெட்டியில் எழுதியிருந்தது. தபால்காரரைத் தவிர யாரும் அதை வாசித்ததாகத் தெரியவில்லை. திருநெல்வேலிக் குடும்பம். இங்கே படிக்க வந்தவர் இங்கேயே தங்கி, ஒரு கல்லூரியில் அரசியல் அறவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றார். அரசியலில் எது நியாயம், எது அநியாயம் என்று சொல்லிக் கொடுக்கிற வேலை.

"உங்க ஸ்டூடன்ட்ஸ் யாராவது அரசியலுக்குப் போனாங்களா சார்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒருத்தன் போனான். சீக்கிரமே திரும்பி வந்துட்டான். இப்போ கல்லாறுல சாயாக்கடை வச்சிருக்கான். பக்ஷே, சந்தோஷமா இருக்கான்."

அந்தச் சாயாக்கடையைப் பார்க்க எங்களையும் ஒருநாள் அழைத்துப் போனார். பஸ்ஸில் ஏறினால், காலியான ஸீட் வரிசை முழுக்க ஒரு பையன் ஜன்னல் வழியாகத் துண்டையும் பைகளையும் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தான்.

"தம்பி, ஒரு சந்தேகம். துண்டுக்கு உட்கார உரிமை எங்கேயிருந்து வந்தது?" என்றார் சார். கோபமே இல்லை. கடிகாரத்தைக் கழற்றி உள்ளே பார்க்கிற குழந்தையின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

பையன் லேசுப்பட்டவன் இல்லை. "சாரே, ஞான் துண்டு போடும்போ இங்க இத்தனை பேர் பார்த்துண்டு நின்னாங்க. யாரும் ஒண்ணும் பறையலை. அப்போ சம்மதம்னுதானே அர்த்தம்?"

சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பலே! மௌனம் சம்மதமா இல்லையான்னு நான் ஒரு வருஷம் பாடம் எடுத்திருக்கேன். இவ்வளவு சுருக்கா யாரும் சொன்னதில்லை!" என்று எங்கள் எல்லார் சார்பிலும் தோல்வியை ஒப்புக்கொண்டார். கல்லாறு போகிற வழியில் விதுரா வரைக்கும் நின்றுகொண்டே போனோம். என் கணவர் அதற்கப்புறம் சாருடன் வெளியூர் எங்கும் வரவில்லை.

இந்த மனிதர்தான் எங்கள் ஃபிளாட் சங்கத் தலைவர் தேர்தலில் நின்றார்.

காரணம், பின்கேட். அதற்கு அந்தப் பக்கம் லைன் வீடுகள். தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வந்தவர்கள் அங்கே இருந்தார்கள். எங்கள் வளாகத்துக்குள் நுழைந்து போனால் மெயின் ரோடு பக்கம். கேட் பூட்டினால் ஓடையைச் சுற்றித்தான் போகவேண்டும். மழைக்காலத்தில் அது எங்கே ஓடை, எங்கே ரோடு என்று தெரியாது. எதிர்த்து நின்ற சசிதரன் சார், பேங்க்கில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருடைய ஒரே வாக்குறுதி, பின்கேட்டைப் பூட்டுவது.

பக்ஷே சார் வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்ட அழகை என்ன சொல்ல! "எனக்குத் தண்ணி மோட்டாரைப் பத்தி ஒண்ணும் தெரியாது. மீட்டிங்கை இழுத்தடிப்பேன். கணக்கு வராது. இதெல்லாம் யோசிச்சுண்டு ஓட்டுப் போடுங்கோ."

"இவர் யாருக்குப் பிரசாரம் பண்றார்?" என்றார் என் கணவர்.

தேர்தலுக்கு முன்னால் மொட்டை மாடியில் இரண்டு பேரும் பேசினார்கள். சார் பிரமாதமாகப் பேசினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு சசிதரன் சார் எழுந்தார்.

"எனக்கு சார் மாதிரி பேச அறியாது," என்றார். "என் ஒய்ஃப் லீலாவுக்கு ஓர்மை போயாச்சு, ஒண்ணும் ஞாபகம் இல்லை. நீங்க எல்லாருக்கும் அறியும். முன்கேட்ல வாட்ச்மேன் உண்டு, பின்கேட்ல யாரும் இல்லை. போன மாசம் ஞான் குளிக்கும்போ அது வழியா இறங்கிப் போயிட்டா. தம்பானூர் முழுக்கத் தேடினேன். கடைசில ரயில்வே பிளாட்பாரத்துல, நைட்டியோட நிக்கறா. அம்மா வீட்டுக்குப் போகணுமாம். அவ அம்மா போயி எத்தனை வருஷமாச்சு! ஞான் தூங்கினா அவ போயிடுவாளோன்னு இப்போ தூங்கறதே இல்லை. வேற ஒண்ணும் இல்லை. எனக்கு அந்த கேட் பூட்டணும்."

யாரும் கைதட்டவில்லை.

பக்ஷே சார் ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். ஆறுதல் சொல்லப் போனேன். "நம்ம பக்கம் யாரோ மாத்திப் போட்டுட்டாங்க சார்."

"நான்தான்."

"உங்களுக்கு எதிரா நீங்களேவா?"

"அவர் சொன்னது சரியா இருந்ததே அம்மா. பக்ஷே, நான் சொன்னதும் தப்பில்லையே. செல்விக்கு இப்போ என்ன பதில் சொல்றது?" சிரிப்பில்லாத அவர் முகத்தை நான் பார்த்தது அன்றுதான்.

செல்வி லைன் வீட்டில் இருப்பவள். ஹோட்டலில் காய் நறுக்குகிற வேலை. கேட் பூட்டிய மறுநாளிலிருந்து சார் காலையில் லைன் வீட்டுப் பக்கம் போய், அவளோடும் மற்றவர்களோடும் ஓடையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்.

"அய்யா, உங்க ஃபிளாட்டுக்காரங்களுக்குக் கேட்டுச் சாவி குடுத்திருக்காங்கல்ல? எதுக்கு எங்க கூடக் கெடந்து அல்லாடுதீங்க?"

"எனக்கு மட்டும் ஏன் சாவின்னு யோசிச்சுண்டே நடக்கறேன்."

"யோசிச்சுக்கிட்டே நடக்காதீங்க, கீழ பாத்து நடங்க," என்றாள் செல்வி.

அவள் சொன்னது பலித்தது. ஒரு மழை நாளில் ஓடைக்கரையில் சார் வழுக்கி விழுந்தார். முழங்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. செல்வியும் இரண்டு கொத்தனார்களும் அவரைத் தூக்கிக்கொண்டு பின்கேட்டுக்கு வந்து இரும்பைத் தட்டினார்கள். சத்தம் கேட்டு நாங்கள் இறங்குவதற்குள் சசிதரன் சார் சாவியோடு ஓடி வந்துவிட்டார். கேட்டைத் திறந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு சாரை உட்கார வைத்தார். ஆட்டோவுக்கு ஆள் போயிற்று.

அந்த வலியிலும் சார் முகத்தில் பழைய ஆவல். "சசிதரன், இப்போ கேட் திறந்திருக்கு. நான் இங்கே உட்கார்ந்திருக்கேன். இப்போ லீலா வெளியே போக முடியுமோ?"

"நீங்க இருக்கும்போ எப்படிப் போவா?"

"அப்போ நான் இருக்கேனே. இவா வேலைக்குப் போற நேரம், திரும்பற நேரம்."

சசிதரன் சார் குனிந்து அந்த வீங்கின முழங்காலைப் பார்த்தார். "எத்தனை நாளைக்கு சாரே?"

"இந்தக் காலை வச்சுண்டு நான் வேற எங்கே போகப் போறேன்?"

அப்படித்தான் அரசியல் அறவியல் பேராசிரியர் எங்கள் கேட் கீப்பர் ஆனார். கொஞ்ச நாளில் லீலா சேச்சியும் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார். அவர் மனசில் அது பிளாட்பாரம், இவர் ஸ்டேஷன் மாஸ்டர். "வண்டி எப்போ வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

பொய் சொல்லத் தெரியாத மனிதர். முதல் நாள், "இது ஸ்டேஷன் இல்லைம்மா," என்றார். சேச்சி அழுதுவிட்டார். அன்று சார் சாப்பிடவில்லை. மறுநாள் நான் அந்தப் பக்கம் போனபோது அதே கேள்வி. சார் சாலையை எட்டிப் பார்த்தார். "இப்போதைக்கு வர்ற மாதிரித் தெரியலை. நாம ரெண்டு பேரும் உட்கார்ந்திருப்போம்," என்றார். சேச்சி திருப்தியாகத் தலையாட்டினார்.

"எப்படி சார் சமாளிச்சீங்க?" என்றேன்.

"பக்ஷே, அதுல ஒரு வார்த்தை பொய் இல்லையே!" ராத்திரி முழுக்க யோசித்துக் கண்டுபிடித்தாராம். பெருமை தாங்கவில்லை.

சில வருஷங்கள் அப்படி ஓடின. போன மழைக்காலத்தில் ஒருநாள் தூக்கத்திலேயே போய்விட்டார். கல்லாறிலிருந்து அந்தச் சாயாக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். செல்வியின் ஹோட்டலில் அன்று காய் நறுக்க ஆள் இல்லை.

கேட்டை இனி என்ன செய்வது என்று சங்கம் மீட்டிங் போடவில்லை. மறுநாள் காலை பார்த்தால் சசிதரன் சார் அங்கே, லீலா சேச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு நாள் என் கணவர் உட்கார்ந்தார். அப்புறம் மேல்வீட்டுக்காரர்கள். இப்போது ஆளுக்கொரு முறை.

எனக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். யார் கேட்டாலும் அதை மாற்றிக் கொடுப்பதில்லை.