கதவு பூட்டியிருந்ததாம்

‘வியாழக்கிழமை, பிற்பகல் 3.12. டெலிவரி செய்ய இயலவில்லை. முகவரியில் கதவு பூட்டியிருந்தது.’

இந்தத் தகவல் என் கைபேசியில் வந்து விழுந்தபோது நான் அந்த முகவரியில், அந்தக் கதவுக்கு முன்னால், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்திருந்தது. ஜன்னலும் திறந்திருந்தது. என் வாயும் திறந்திருந்தது.

சந்தேகம் எனக்குத் தொழில். ஒரகடத்தில் பிரேக் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகன் நான். நல்ல பொருளைக்கூட மூன்று முறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் நல்லது என்பேன். தேதியில்லாத எந்தக் காகிதத்தையும் நம்பமாட்டேன். ஒன்பது மணிக் கூட்டத்துக்கு 9.04க்கு வந்தவர்களின் பெயரெல்லாம் என் டைரியில் உண்டு. இந்தக் குணத்தைக் கம்பெனி கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்கும் கொண்டுவந்ததுதான் வினை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வல்லக்கோட்டை முருகன் கோயிலில் என் மகள் யாழினிக்குக் காதுகுத்து. தாய்மாமன் எடுத்துக்கொடுத்த துணியை உடுத்தி, தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் குழந்தை காது குத்திக்கொள்ள வேண்டும். அந்த மாமன், என் மனைவி செல்வியின் தம்பி பிரபு, கோயம்புத்தூரில் வேலை செய்கிறான். லீவு கிடைக்காததால் ஞாயிறு காலை நேராகக் கோயிலுக்கு வருவதாகவும், அளவு பார்த்து ஊக்கு தைப்பதற்காகப் பட்டுப்பாவாடையை மட்டும் முன்கூட்டியே கூரியரில் அனுப்பியிருப்பதாகவும் சொன்னான். ரசீதையும் படமெடுத்து அனுப்பினான்.

எனக்கும் அவனுக்கும் ஏற்கெனவே ஒரு சின்னப் புகைச்சல். அவன் கல்யாணப் பத்திரிகையில் தமிழ் ஆண்டின் பெயர் தவறாக அச்சாகியிருந்ததை நான் நிச்சயதார்த்தத்தன்று எழுந்து நின்று சொன்னேன். (சொல்லாமல் இருக்க முடியுமா? தப்பு தப்புதானே!)

புதன்கிழமை எனக்கு ஓ.டி., மாலை வரை கூடுதல் வேலை. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே லாக்கரில் போட்டுவிட வேண்டும். மாலையில் எடுத்துப் பார்த்தால் தெரியாத எண்ணிலிருந்து இரண்டு அழைப்புகள். ‘வாடிக்கையாளர் தொடர்பில் இல்லை’ என்று ஒரு தகவல். அது நியாயம். ஏற்றுக்கொண்டேன்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு, சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டு வாசலில் காலையிலேயே நாற்காலியைப் போட்டேன். மூன்று மணி வாக்கில் அதே எண்.

“சார், எங்க கீறீங்க?”

எடுத்தவுடனே இப்படிக் கேட்பவனை நம்பலாமா?

“நான் எங்க இருந்தா உனக்கு என்ன? நீ யாரு?”

“பார்சல் சார்.”

“பார்சல்னா வீட்டுக்கு எடுத்துட்டு வா.”

“அட, நான் வந்து நின்னுகினுதான் கீறேன். நீங்கதான் சார் காணோம்.”

தெருவைப் பார்த்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே ஒரு நாய். அதன் கையில் பார்சல் இல்லை. மோசடிதான் என்று உறுதியாயிற்று. “உன்னை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்” என்று சொல்லி (ஒருவரையும் பார்த்ததில்லை) அழைப்பைத் துண்டித்து, அந்த எண்ணை பிளாக்கும் செய்தேன். சற்று நேரத்தில்தான் அந்த ‘கதவு பூட்டியிருந்தது’ வந்தது.

அன்றைய செய்தித்தாளைத் தேதி தெரியும்படி நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, திறந்த கதவுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டேன். பிறகு யோசித்தேன். எங்கள் கம்பெனியில் ஒரு பொருள் பழுதானால் ‘ஏன்? ஏன்?’ என்று ஐந்து முறை கேட்க வேண்டும். ஐந்தாவது பதிலில் மூலக்காரணம் அகப்படும். அதையே செய்தேன். பார்சல் ஏன் வரவில்லை? ஆள் வரவில்லை. ஆள் ஏன் வரவில்லை? போனில் பேசியவன் போலி. போலிக்குப் பார்சல் விஷயம் எப்படித் தெரியும்? அனுப்பியவனுக்குத்தான் தெரியும். மூன்றாவது ‘ஏன்’னிலேயே மச்சான் மாட்டிக்கொண்டான். மிச்சம் இரண்டை மரியாதைக்காகக் கேட்டேன். மூலக்காரணம்: பார்சல் அனுப்பப்படவே இல்லை.

குடும்ப வாட்ஸப் குழுவில் என் படத்தைப் போட்டு, கீழே எழுதினேன்: ‘பிரபு அனுப்பிய ரசீதில் தேதி தெளிவாக இல்லை. தெளிவான நகல் அனுப்பவும்.’

குழுவில் இருபத்தேழு பேர். மாமியார் மட்டும் ஒரு விநாயகர் படம் போட்டார். பத்து நிமிடத்தில் செல்வியின் போன் அலறியது. ஸ்பீக்கரில் போடாமலே எனக்குக் கேட்டது.

“அக்கா, உன் வூட்டுக்காரு என்னை இன்னான்னு நெனச்சிகினு கீறாரு? பொய் ரசீது போடறவனா நானு? ஞாயித்துக்கெழம நான் வரல. அவரே மடியில வெச்சிக் குத்திக்கட்டும்!”

செல்வி போனை வைத்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை; அது இன்னும் மோசம்.

“என் புள்ளைக்கு மாமன்னு கீறது ஒருத்தன். அவனையும் ரிஜெக்ட் பண்ணிட்டீங்க.”

வெள்ளிக்கிழமை மறுபடி லீவு. காலையிலேயே அடுத்த குண்டு: ‘டெலிவரி செய்யப்பட்டது. பெற்றுக்கொண்டவர்: செக்யூரிட்டி.’ எங்கள் தெருவில் செக்யூரிட்டியா? முன்னே சொன்ன நாயைத் தவிர யாருமில்லை. நான் எல்லாத் தகவல்களையும் அச்செடுத்து, தேதிவாரியாக அடுக்கி, கோப்பு ஒன்று தயார் செய்தேன். மத்தியானம் வரை பொறுத்துப் பார்த்த செல்வி, பக்கத்து வீட்டு மேரியக்காவைக் கூப்பிட்டாள். வாரம் தவறாமல் பார்சல் வாங்குபவர் அவர்.

“வூட்டுக்கா?” என்று மேரியக்கா சிரித்தார். “இந்தத் தெருவுல பகல்ல யாரு வூட்ல கீறாங்க? எல்லாம் கம்பெனிக்குப் போயிடுது. மூணு மணி ஷிப்ட் பஸ்ஸு வரும்ல, ஸ்டாப்பிங்ல நின்னுகினு பேரு சொல்லிக் கூப்புட்டுக் குடுப்பான். இது கூடத் தெரியாதா தம்பி, டெய்லி அந்த பஸ்ஸுலதான வர்றே?”

தெரியாதுதான். நான் இணையத்தில் எதுவும் வாங்குவதில்லை (பணம் கட்டிவிட்டுப் பொருளுக்குக் காத்திருப்பதா?). ஸ்டாப்பிங்கில் பை மாட்டிக்கொண்டு கூவும் அந்த ஆளைப் பல நாள் பார்த்திருக்கிறேன். சிம்கார்டு விற்பவன் என்று எண்ணி, ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறேன்.

கோப்போடு ஓடினேன். பஸ் அப்போதுதான் வந்து நின்றது. கும்பலுக்கு நடுவே புகுந்து அவன் பையின் வாரைப் பிடித்தேன்.

“கதவு பூட்டியிருந்துச்சா? யார் வீட்டுக் கதவு?”

அவன் பெயரைக் கேட்டான். சொன்னேன். முகம் மலர்ந்தது.

“நீங்கதானா சார் அது! ரெண்டு நாளா இதே எடத்துல உங்க பேரக் கத்திகினு கீறேன். போன் போட்டா திட்றீங்க, அப்பால போனே போவ மாட்டேங்குது.”

“அதுக்கு ஏன் பூட்டியிருந்ததுன்னு போட்டே?”

“பஸ்ஸுல ஆளு வரலன்னு போட ஆப்ல எடம் இல்ல சார். பூட்டிகினு கீதுன்றதுதான் மொதல்ல கீது. அத்த அமுக்கினேன்.”

“செக்யூரிட்டின்னா எந்த செக்யூரிட்டி?”

பதில் பஸ்ஸின் ஓட்டுநர் இருக்கையிலிருந்து வந்தது.

“உங்க கம்பெனி கேட்டு செக்யூரிட்டி சார். நேத்து இவன் எங்கிட்ட குடுத்தான், காலையில கேட்ல குடுத்துட்டேன். நீங்க இன்னா சார் ரெண்டு நாளா லீவு? பார்சல் வேலைக்கு வந்துட்ச்சு, நீங்க வரல!”

பஸ் முழுக்கச் சிரித்தது. என் லைனில் வேலை செய்யும் பையன்கள் ஜன்னலுக்கு ஜன்னல் தலையை நீட்டியிருந்தார்கள். நான் காத்திருந்ததால்தான் பார்சல் வரவில்லை. வழக்கம்போல வேலைக்குப் போயிருந்தால் வியாழக்கிழமையே கையில் கிடைத்திருக்கும்.

அன்று மாலையே கேட்டிலிருந்து பாவாடை வந்தது. அரக்கு நிறம், மாம்பழ மஞ்சள் கரை. அதைப் படமெடுத்துக் குழுவில் போட்டு, ‘தவறு முழுவதும் என்னுடையது’ என்று எழுதினேன். பிரபு படித்துவிட்டதாகத் தெரிந்தது. பதில் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை.

ஞாயிறு காலை வல்லக்கோட்டையில் யாழினி பாவாடையோடு தயாராக நின்றாள். மாமன் இல்லை. செல்வி என் பக்கம் திரும்பவே இல்லை. காது குத்த வந்த ஆசாரி ஊசியை வைத்துக்கொண்டு, “மாமன் வர்றாரா இல்லியா சார்? அடுத்த புள்ள நிக்குது” என்றார். செல்வியின் சித்தப்பாவை உட்கார வைக்கலாமா என்று ஒரு பேச்சு எழுந்து, அவரும் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

அப்போது ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. தோளில் பையோடு இறங்கிய பிரபு என்னைப் பார்க்காமலே தாண்டிப் போய், சம்மணமிட்டு உட்கார்ந்து, குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டான். பிறகு நிமிர்ந்து, கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னான்:

“மாமா, நல்லா பாத்துக்கோங்க. மாமன் ஒண்ணு, ஒடையாம ஒடுங்காம வந்து சேந்துகீது. தேதி தெளிவா கீதா?”

முதலில் சிரித்தவள் செல்வி. யாழினி அழுததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் யார் எதைச் சொன்னாலும் எனக்காக ஒரு தெளிவான நகல் கேட்பார்கள். ‘குழம்பில் உப்பு இல்லை’ என்றால்கூட மாமியார், “தெளிவா கீதா மாப்ள?” என்கிறார்.

ஒன்றுதான் இன்னும் தெரியவில்லை. கோபத்தில் பஸ் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, சனிக்கிழமைதான் மனம் மாறி வேறு டிக்கெட் எடுத்ததாகப் பிரபு சொல்கிறான். அவன் ரத்து செய்யவே இல்லை, வெறும் வாய்ச்சவடால் என்கிறாள் செல்வி. டிக்கெட்டைப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். அதைக் காட்டு என்று அவனிடம் கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லாததால், இத்தகவல் இதுவரை உறுதிசெய்யப்படவில்லை.