என் வயிறு செய்த உபயம்

பாதுகாப்பானது என்று யாராவது உறுதி சொல்லி நான் நம்பிய எதுவும் என்னைச் சும்மா விட்டதில்லை. பாதுகாப்பான வள்ளம் என்று ஏற்றினார்கள்; வாளியால் தண்ணீர் அள்ளி ஊற்றியபடிதான் கரை சேர்ந்தோம். இடம்பெயர்ந்த காலத்தில் பாதுகாப்பான பள்ளிக்கூடம் என்று படுக்கவைத்தார்கள். விடிந்தபோது கூரை இல்லை. அதையெல்லாம் மறந்துவிட்டேன். ஆனால் ஒரு வங்கிப் பிள்ளை சிரித்த முகத்தோடு என் கையில் தந்த அட்டையை மட்டும் இன்றுவரை மன்னிக்கவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு ஊரைவிட்டு ஓடியவன். மாத்தறையில் பேக்கரி, ஹற்றனில் சாப்பாட்டுக் கடை, புத்தளத்தில் உப்பளம், நடுநடுவே லொறி. எங்கும் நிலைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் கரம்பொனில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வெறுங்கையோடும் ஒரு கதையோடும் வந்து சேருவேன். பஸ்ஸில் காசு களவு போய்விட்டது, முதலாளி ஏமாற்றிவிட்டான், லொறி பிரண்டுவிட்டது. (பாதி உண்மை. எந்தப் பாதி எண்டு கேக்காதேங்கோ.) அக்கா கதையைக் கேட்டுக்கொண்டே சோறு போடுவார். ஒரு வார்த்தை திட்டமாட்டார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கடைசியில் யாழ்ப்பாணத்தில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. சம்பளத்தைக் கையில் தரமாட்டார்கள், வங்கியில்தான் போடுவார்களாம். அந்த நேரம் பார்த்து அக்காவின் கிணற்று மோட்டர் எரிந்துபோனது. தோட்டத்தில் மிளகாய்க் கன்றுகள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றன.

"சம்பளம் விழட்டும். மோட்டர் என்ர பொறுப்பு" என்றேன்.

"பாப்பம்" என்றார் அக்கா.

அந்தப் "பாப்பம்" என் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. இந்த முறை கதை கிடையாது, மோட்டர்தான் என்று சபதம் எடுத்தேன்.

அட்டை வாங்கப் போனபோது வங்கிப் பிள்ளை விளக்கம் சொன்னார்.

"மெசினுக்குள்ள செருகத் தேவையில்லை அண்ணை. மேல வைச்சாலே போதும். இலக்கமும் அடிக்கத் தேவையில்லை."

"அப்ப கள்ளனும் அடிக்கத் தேவையில்லையோ?"

"சின்னத் தொகைக்கு மட்டுந்தான் அண்ணை அப்பிடி. தூரத்தில நிண்டு எடுக்க ஏலாது. ஒட்டினமாதிரி நீங்களா வைச்சாத்தான் ஏறும். நல்ல பாதுகாப்பு, நல்ல வசதி."

சின்னத் தொகை! யாருக்குச் சின்னது? குளிர்ந்த அறையில் இருந்து இந்த எல்லையைப் போட்டவர்களில் ஒருவராவது என்னைப்போலப் பாத்திரம் கழுவியிருப்பாரா? அவர்களுக்குச் சின்னத் தொகை, எனக்கு அரை மோட்டர்.

ஹோட்டல் சமையல்காரர் இன்னும் பயம் காட்டினார். சனக்கூட்டத்தில் மெசினோடு திரிகிறார்களாம். சட்டைப் பையில் முட்டினாலே காசு போய்விடுமாம். சாப்பாடு சுற்றுகிற வெள்ளித்தாளில் ஒரு துண்டு கிழித்துத் தந்து, அட்டையை அதில் சுற்றி வைக்கச் சொன்னார். நல்ல மனுசன். அவர் சொன்னபடி இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

சம்பளம் விழுந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மோட்டர்க் கடை பூட்டு. அனலைதீவில் ஒரு அம்மன் கோயிலில் திருவிழா. (எந்தக் கோயில் எண்டு சொல்லமாட்டன். அம்மனோட எனக்கு ஒரு கோபமும் இல்லை.) அக்காவோடு படகேறிப் போனேன். கோயிலுக்குள் ஆண்கள் சட்டை போடக்கூடாது. கழற்றிய சட்டையில் அட்டையை வைக்க மனம் வரவில்லை. வேட்டி மடிப்புக்குள், தொப்புளுக்கு நேரே செருகிக்கொண்டேன். வெள்ளித்தாளின் மூலை வயிற்றில் குத்தியது. கும்பிடுகிற நேரத்தில் ஏன் இந்தக் கரைச்சல் என்று தாளை உருவிக் கசக்கி எறிந்தேன்.

உபயம் வாங்கும் மேசையில் சிவபாலன் அண்ணை இருந்தார், கோயில் சபைக்காரர். அவர் கையிலும் ஒரு புது மெசின். எனக்கு முன்னால் கனடாவிலிருந்து வந்த குணநாயகம் அண்ணை, தண்ணீர்ப் பந்தலில் சர்பத் கொடுப்பதற்குக் காசு கட்ட நின்றார். சிவபாலன் அண்ணை தொகையை அடித்துவிட்டு மெசினை மேசைக்கு வெளியே நீட்டினார். கனடாக்காரர் அட்டையை எடுத்து நீட்டப் போகிறார்; பின்னால் சுவாமி வருகிறார் என்று சனம் நெருக்கியது; நான் முன்னால் போய் மேசையில் விழுந்தேன்.

டிங்.

"சரி, ஏறிட்டுது" என்றார் சிவபாலன் அண்ணை. கனடாக்காரர் அட்டையைப் பைக்குள் வைத்தார். ஒலிபெருக்கி அவருடைய பெயரை முழங்கியது. நான் பந்தலுக்குப் போய் வயிறு முட்டச் சர்பத் குடித்தேன். அத்தோடு நின்றேனா? அந்த மனிதரைத் தேடிப்போய், "உங்கட கை நல்லா இருக்கவேணும் அண்ணை" என்று வாழ்த்திவிட்டும் வந்தேன்.

சட்டையைப் போட்டுப் பையிலிருந்த போனை எடுத்தால் வங்கியிலிருந்து ஒரு செய்தி. ஆங்கில எழுத்தில் இருந்தது. எண் மட்டும் விளங்கியது. காசு போயிருந்தது.

"அக்கா, காசு குறையுது" என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க குடிச்சனீ?"

"ஐயோ அக்கா, சர்பத் மட்டுந்தான்!"

"இவ்வளவு காசுக்குச் சர்பத்தோ?"

செய்தியைக் கனடாக்காரரிடம் காட்டினேன். கோயிலின் பெயர் இருக்கிறது என்றார். தன் போனையும் பார்த்தார். அவருக்கு ஒரு சதமும் குறையவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. நேரே மேசைக்குப் போனேன்.

"அண்ணை, என்ர காசை எடுத்துப்போட்டியள்!"

"நீர் கார்ட்டே தரேல்லையே! கார்ட் எங்க இருந்தது?"

"இடுப்பில."

சிவபாலன் அண்ணை கண்ணாடியைக் கழற்றினார். "கேட்டியளே, இவர் வயித்தால காசு கட்டினவராம்!"

சனம் சிரித்தது. அது போகட்டும். அக்காவும் தலையைக் குனிந்துகொண்டார். என் கதைகளைக் கேட்கும்போது குனிகிற அதே குனிவு. வாழ்க்கையில் முதல்முறையாக முழு உண்மை சொல்கிறேன், அதற்கும் அதே குனிவா? எனக்கு விசர் ஏறிவிட்டது. சட்டையைக் கழற்றி எறிந்தேன். அட்டை இருந்த இடத்திலேயே இருந்தது.

"நீட்டும் மெசினை! காட்டுறன்!"

"ஒரு ரூபா அடிக்கட்டே?" என்று கேட்டார் அவர். நியாயமான மனிதர்தான்.

"வேண்டாம்! பிறகு ஒரு ரூபாய்க்குத்தான் ஏறும் எண்டு சொல்லுவியள். அதே தொகையை அடியும்!"

"ராசன், வேண்டாமடா" என்று அக்கா என் கையைப் பிடித்தார். உதறினேன்.

வயிற்றை வைத்தேன். ஒன்றுமில்லை. சிரிப்பு. கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினேன். ஒன்றுமில்லை. "மூச்சை விடு மச்சான், வயிறு உள்ளுக்க போட்டுது" என்று ஒருவன் யோசனை சொன்னான். மூச்சை விட்டேன். குடித்த சர்பத் எல்லாம் சேர்ந்து வயிறு முன்னே வந்தது.

டிங்.

சிரிப்பு நின்றது. மெசின் நாக்கை நீட்டுவதுபோல ஒரு ரசீதுத் துண்டைத் துப்பியது. நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு துள்ளினேன். "பாத்தியளே! பாத்தியளே! நான் சொன்னது பொய்யோ?" சனம் கைதட்டியது. ஒருவர் தோளில் தட்டினார். பரீட்சை ஒன்றும் பாஸ் பண்ணாத எனக்கு அன்றைக்குத்தான் பாஸ் பண்ணினால் எப்படி இருக்கும் என்று தெரிந்தது.

அக்கா மட்டும் துள்ளவில்லை.

"வெண்டிட்டாய்" என்றார். "மீதி மோட்டரையும் குடுத்து வெண்டிட்டாய்."

துள்ளிய கால் அப்படியே நின்றது.

சிவபாலன் அண்ணை மெசினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருப்பி எடுக்கிற பொத்தான் எது என்று அவருக்குத் தெரியாது. கனடாக்காரர் முதல் தொகையைத் தானே தருவதாக அட்டையை நீட்டினார். சந்தேகமான இடம் என்று அவருடைய வங்கி அங்கிருந்தே மறித்துவிட்டது. கையில் காசு இல்லை, அட்டை வசதி என்று காசு கொண்டு வரவில்லையாம். இதுதான் எனக்கு இன்றும் ஆறாதது. அவருடைய அட்டைக்கு அத்தனை கடல் தாண்டிச் சந்தேகம் வருகிறது. என் அட்டை ஒரே மேசையில் ஒரே தொகையை, அதுவும் தொப்புள் வழியாக, இரண்டு முறை கொடுத்துவிட்டு வாய் திறக்கவில்லை. பாதுகாப்பாம்!

நான் திருப்பிக் கேட்கத்தான் இருந்தேன். அதற்குள் என் பெயர் எழுதிய துண்டு ஒலிபெருக்கிக்காரருக்குப் போய்விட்டது. "தாகசாந்தி உபயம், கரம்பொன் திரு. இராசரத்தினம் அவர்கள்" என்று தீவெல்லாம் கேட்டது. அதுவரை என்னை யாரும் "அவர்கள்" என்று சொன்னதில்லை. இனி எந்த முகத்தோடு கேட்பது?

படகில் அக்கா, "ஊருக்கெல்லாம் தண்ணி குடுத்திட்டாய். என்ர மிளகாய்க்கு ஆர் குடுக்கிறது?" என்றார்.

நான்தான் கொடுத்தேன். அடுத்த சம்பளம் வரும்வரை வேலையால் வந்ததும் வாளியால் அள்ளி அள்ளி ஊற்றினேன். உள்ளங்கை உரிந்தது. மிளகாய் பிழைத்தது, மோட்டரும் வந்தது. கனடாக்காரர் சொன்னபடி காசு அனுப்பினார், அட்டை வைக்க ஒரு உறையும் அனுப்பினார். வங்கியில் போய்ச் சண்டை பிடித்தேன். "நீங்களாத்தானே அண்ணை வைச்சியள்" என்றார் அந்தப் பிள்ளை, அதே சிரித்த முகத்தோடு. இரண்டாவது டிங் நானாக வைத்தது, சரி. முதலாவதையும் நானா வைத்தேன்?

ஒவ்வொரு வருடமும் திருவிழாவுக்கு முன் சிவபாலன் அண்ணை போன் எடுக்கிறார். "உபயகாரரே, இந்த முறையும் வயித்தாலதானோ?"

ஆனால் அன்றிலிருந்து வீட்டில் ஒன்று மாறிவிட்டது. நான் என்ன சொன்னாலும் அக்கா உடனே நம்பிவிடுகிறார். பஸ் பழுது என்று பிந்தி வந்தாலும் சரி, மீன் இவ்வளவு விலை என்று சொன்னாலும் சரி. ஆதாரம் காட்டப் பையில் கை வைத்தால் போதும், அடுப்பை விட்டுவிட்டுக் குசினியிலிருந்து பாய்ந்து வருவார்.

"வேண்டாம் ராசன், காட்டாதை! நம்புறன், நம்புறன்!"